களிமண் கொல்லையில் லில்லிக் கிழங்கு: நீடாமங்கலம் பக்கத்து அனுபவம்

கொல்லையில் ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். முதலில் ஊற்றியதை மண் குடித்துக்கொள்ளட்டும். இரண்டாவதாக ஊற்றுவதுதான் கணக்கு. எங்கள் கொல்லையில் சாயங்காலம் ஊற்றிய தண்ணீர் மறுநாள் பால்காரர் வருகிற நேரத்திலும் பாதிக் குழிக்கு நின்றது. வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற மூணாறு தலைப்புக்குச் சற்றுத் தள்ளி வீடு. நெல்லுக்கு இதைவிட நல்ல மண் கேட்க முடியாது. ஆனால் லில்லிக் கிழங்கை அப்படியே இந்த மண்ணில் புதைத்தால் அழுகல்தான்.

கிழங்கு ஆர்டர் போடுவதற்கு முன்னால் இந்தக் குழிச் சோதனையைச் செய்துவிட வேண்டும். செடி விற்கிறவர்கள் வெயிலைப் பற்றித்தான் எச்சரிப்பார்கள். டெல்டாவில் வெயிலால் செத்த லில்லியை நான் பார்த்ததில்லை. நின்ற தண்ணீரில் செத்தவைதான் எல்லாம்.

காரணம் எளிது. கிழங்குச் செடிகள் பெரும்பாலும் வருஷத்தில் சில மாதம் ஓய்வெடுக்கும். அப்போது இலை இருக்காது, வேரும் சும்மா இருக்கும். சுற்றியிருக்கிற ஈரத்தை உறிஞ்ச ஆளில்லை. பூஞ்சணத்துக்கு அதுதான் விருந்து. ஆகவே எந்தக் கிழங்கை வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி, அது எந்த மாதத்தில் தூங்கும் என்பது. அந்த மாதத்தில் நம் மண் எப்படி இருக்கும் என்பதை நாம்தான் பொருத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் மண்ணின் காலண்டர் ஆற்றோடு போகிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். முன்னே பின்னே ஆகிற வருஷங்கள் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் கொல்லைக் கிணற்றிலும் மட்டம் ஏறிவிடும். அதன் தலைமேலேயே ஐப்பசி, கார்த்திகை அடைமழை. ஆடி முதல் மார்கழி வரை ஓர் அடிக்குக் கீழே மண் காய்வதே இல்லை. தை அறுவடைக்குப் பிறகுதான் வெடிப்பு விடத் தொடங்கும். விற்பனைப் பொட்டலங்களில் 'அக்டோபர், நவம்பரில் நடவும்' என்று அச்சிட்டிருப்பார்கள். வட இந்தியச் சமவெளிக்கு அது சரியான பருவம். இங்கே அந்த மாதத்தில் மண்வெட்டியைப் போட்டால் களி அதோடு ஒட்டிக்கொண்டு வரும், நடவு எங்கே?

பாத்தி வேலையை மாசி மாதம் தொடங்கினோம். தரை காய்ந்து கெட்டியாகிவிட்டதால் கடப்பாரை தேவைப்பட்டது, ஆனால் களி ஈரமாக இருக்கும்போது மிதித்து வேலை செய்தால் செங்கல் அறுத்த மாதிரி இறுகிவிடும். காய்ந்த பிறகு கொத்துவதுதான் நல்லது. பக்கத்துத் தெருவில் பழைய வீட்டைப் பிரித்தபோது உடைந்த நாட்டு ஓடு ஒரு வண்டி கிடைத்தது. நாலு பக்கமும் பழைய செங்கல்லைச் சிமெண்டு இல்லாமல் அடுக்கி, ஒன்றரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி. சிமெண்டு பூசினால் அழகாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் நீர் கசிய வழியிருக்காது. அடியில் நாலு அங்குலத்துக்கு ஓட்டு உடைசல், அதற்கு மேல் கலவை மண்.

கலவையில்தான் யோசனை போனது. ஆற்று மணல் இன்று யாருக்குக் கிடைக்கிறது, கிடைத்தாலும் பூச்செடிக்குப் போட மனசு வருமா? எம்-சாண்டை அப்படியே போட்டால் அதிலிருக்கிற மாவு களியோடு சேர்ந்து இன்னும் இறுக்குகிறது. சலித்து, மேலே தங்குகிற பொடிக்கல்லை மட்டும் எடுத்துக்கொண்டேன். தேங்காய் நார்த்தூளை எல்லாரும் சொல்வார்கள். அது தண்ணீரைப் பிடித்து வைக்கிற சரக்கு. கோடையில் வரம், ஐப்பசியில் அதுவே கிழங்குக்கு ஈரப் போர்வை.

நம் ஊரில் மலிவாகக் கிடைப்பது கருகின உமி. புழுங்கல் அரவை மில்லில் உமியைப் போட்டுத்தான் கொதிகலன் எரிக்கிறார்கள். பாதி எரிந்து கறுப்பாக வெளியே கொட்டுவதைச் சாக்கு கொண்டுபோனால் அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். வெளுத்த சாம்பல் வேண்டாம், உமியின் உருவம் குலையாத கறுப்பு உமிதான் வேண்டும். கையில் எடுத்து நசுக்கினால் சரசரவென்று இருக்க வேண்டும். மண்ணுக்குள் அது இடைவெளியைக் காத்துக் கொடுக்கிறது, சீக்கிரம் மக்குவதுமில்லை. காரத்தன்மை இருக்கும், அதனால் தொட்டியில் கொட்டி இரண்டு தடவை தண்ணீர் மாற்றி அலசிவிடுவேன். கொல்லை மண் ஒரு பங்கு, சலித்த எம்-சாண்ட் ஒரு பங்கு, கருகின உமி ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. பச்சைச் சாணி மட்டும் கிழங்கின் பக்கமே போகக் கூடாது. கலந்த பிறகு ஒரு பிடி எடுத்து ஈரமாக உருட்டினேன். விரல் பட்டதும் உதிர்ந்தது. அந்தப் பதம் வருகிற வரைக்கும் உமி சேர்க்கலாம்.

இனி ஆர்டர். இதில்தான் காசும் மனசும் போகிறது.

இணையத்தில் லில்லி என்று தேடினால் நீல லில்லி, கறுப்பு லில்லி, ஒரே பூவில் ஏழு நிறம் என்று படம் வரும். அவற்றை விதையாக விற்பார்கள். கலப்பின லில்லியை விதை போட்டால் தாயின் நிறம் அப்படியே வராது, பூக்கவும் சில வருஷம் பிடிக்கும். நாம் லில்லி என்று சொல்கிற பெரிய பூக் கிழங்குதான் அமரில்லிஸ். நீல அமரில்லிஸ் என்று விற்பது பெரும்பாலும் கணினியில் சாயம் ஏற்றிய படம். விற்பனையாளர் நேரே எடுத்த கிழங்குப் படத்தைக் கேளுங்கள், பூவின் படத்தை வைத்துக்கொண்டு எதுவும் தெரியாது. பக்கத்தில் அளவு நாடாவோடு எடுத்து அனுப்பச் சொன்னால் நல்லவர்கள் அனுப்பிவிடுகிறார்கள். சாக்குச் சொல்கிறவர்களிடம் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அளவு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நெதர்லாந்திலிருந்து வருகிற அமரில்லிஸ் கிழங்குகளில் 24/26, 26/28 என்று எழுதியிருக்கும். கிழங்கின் சுற்றளவு, சென்டிமீட்டரில். எண் பெரிதானால் உள்ளே சேமிப்பு அதிகம், இரண்டு தண்டு பூ எதிர்பார்க்கலாம். நூல் போட்டுச் சுற்றி அளந்து பார்த்துவிடலாம். பொட்டலத்தின் மேல் ஹிப்பியாஸ்ட்ரம் என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம், அதே செடிதான். வெளிநாட்டு இணையதளத்தில் நேரே வாங்கித் தபாலில் வரவழைக்கிற யோசனை மட்டும் வேண்டாம். 2003-ம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றும் இல்லாமல் கிழங்கு உள்ளே வரக் கூடாது. உள்நாட்டில் காளிம்போங் பக்கத்து நர்சரிகள் வெகு காலமாகப் பூக்கிழங்கு வளர்த்து அனுப்புகின்றன. இறக்குமதிச் சரக்கைப் பிரித்து விற்கிற சிறு வியாபாரிகளும் இருக்கிறார்கள்.

எப்போது வரவழைப்பது என்பதில் இழுபறி உண்டு. வெளிநாட்டுக் கிழங்கு இந்தியச் சந்தைக்கு வருவது மழை மாதங்களை ஒட்டித்தான். முதல் சரக்கில் நல்ல கிழங்கு கிடைக்கும், ஆனால் நனைந்த பார்சலில் வரும். பொங்கல் வரைக்கும் பொறுத்தால் வழி உலர்ந்திருக்கும், மிச்சம் மீதிதான் கிடைக்கும். நான் பொங்கலுக்குப் பிறகு வாங்குகிற கட்சி. ரகம் பார்த்து ஏங்குகிறவர்கள் கார்த்திகையிலேயே வாங்கித் தாழ்வாரத்தில் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் மட்டும் யார் கொடுத்தாலும் வேண்டாம். கூரியர் வண்டிக்குள் கிழங்கு வெந்துவிடும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டி நிற்கிற நேரத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை கூரியர் தம்பி வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா, உள்ள என்ன இருக்குன்னு தெரியல, அழுவுன வாடை அடிக்குது. பிரிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றான். பிளாஸ்டிக் உறையில் காற்றுப் போக வழியில்லாமல் கட்டி, அதைப் பிளாஸ்டிக் டேப்பால் சுற்றியிருந்தார்கள். உள்ளே வியர்த்து, கழுத்துப் பக்கம் கூழாகியிருந்தது. விற்றவர் பாதிப் பணம் திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம் ஆர்டர் போடும்போதே செய்தித்தாளில் சுற்றி, துளையிட்ட அட்டைப்பெட்டியில் அனுப்பச் சொல்லிவிடுகிறேன். பிரிக்கும்போது செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்வது பணத்தைத் திரும்பக் கேட்க உதவும்.

பிரித்ததும் பார்க்க வேண்டியவை கைக்குத் தெரிந்துவிடும். அளவுக்கு மீறி லேசாக இருந்தால் காய்ந்துவிட்டது. அடித்தட்டு, அதாவது வேர் கிளம்புகிற வட்டம், கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. மேல் தோல் பழுப்பாக உரிவது பரவாயில்லை. பச்சைப் பூஞ்சணம் தோலோடு நின்றால் துடைத்துவிடலாம். செதிலில், அதாவது கிழங்கின் அடுக்கில், சிவப்பாகத் தீற்றல் தெரிந்தால் அதைத் தனியே வைக்க வேண்டும், அது பூஞ்சண நோயாக இருக்கலாம், இலையிலும் பூத்தண்டிலும் சிவப்புத் தழும்பாகக் கிளம்பித் தண்டை வளைத்துவிடும். மற்றவற்றை, பூஞ்சணத்தை அடக்குகிற பாக்டீரியாப் பொடியான சூடோமோனாஸ் லிட்டருக்கு 10 கிராம் கரைத்த நீரில் அரை மணி நேரம் நனைத்து, நிழலில் சாக்கின் மேல் பரப்பி ஈரம் போகக் காய வைத்து நடுகிறேன்.

அத்தைக்கு இதெல்லாம் வேடிக்கை. "ஏம்மா, எங்க அம்மா வீட்ல கெணத்தடியில ஆரஞ்சுப் பூ லில்லி தன்னால மொளச்சுக் கெடக்கும். யாரு இதைக் குளிப்பாட்டிக் கெடத்துனா?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பழைய வீடுகளில் இருக்கிற அந்த ஆரஞ்சு அமரில்லிஸ், தொண்டையில் வெளிறிய பச்சை நட்சத்திரம் தெரியுமே, அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ஆனால் தலைமுறைகளாக நம் கொல்லைகளில் தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசு அது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால் சொந்தக்காரர் வீட்டுக் கிணற்றடியை ஒரு நடை பார்ப்பது நல்லது. எங்கள் பாத்தியின் முதல் வரிசை திருத்துறைப்பூண்டிப் பக்கத்து உறவினர் வீட்டிலிருந்து சாக்குப் பையில் வந்தது.

டூலிப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிறார்கள். ஸ்ரீநகரில் 2007-ல் டூலிப் தோட்டம் திறந்ததிலிருந்து அந்தப் படம் எல்லார் செல்போனிலும் இருக்கிறது. டூலிப் கிழங்குக்குள் பூத்தண்டு நீள்வதற்கே 9 டிகிரிக்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் குளிர் வேண்டும். நம் மார்கழிப் பனி 20 டிகிரிப் பக்கத்தில் நிற்கிறது. ஃபிரிட்ஜில் வைத்து ஏமாற்றலாம். அதே ஃபிரிட்ஜில் ஆப்பிள் இருந்தால் அது விடுகிற எத்திலீன் வாயு உள்ளேயிருக்கிற மொட்டைக் கருக்கிவிடும். எல்லாம் சரியாக அமைந்தாலும் குட்டையாக ஒரு பூ, அதோடு கிழங்கு தீர்ந்தது. டெல்டாவில் டூலிப் கிழங்கு வாங்குவது வீண் செலவு என்பதுதான் என் முடிவு.

ஊட்டிப் பக்கம் பசுமைக்குடிலில் வளர்க்கிற ஏசியாட்டிக், ஓரியண்டல் லில்லிகள் வேறு ஜாதி. அவற்றின் கிழங்குக்கு மேல் தோல் கிடையாது, வெறும் செதில்தான். உலர்ந்து வந்தால் செத்துவிடும், ஈர நார்த்தூளில்தான் வர வேண்டும். குளிர் கொடுத்து வந்த கிழங்கை மார்கழியில் நட்டால் கோடை முற்றுவதற்குள் ஒரு பூப்பு பார்த்துவிடலாம். கிழங்குக்கு மேலே தண்டிலும் வேர் விடும் என்பதால் தொட்டியில் ஐந்து, ஆறு அங்குலம் ஆழத்தில் வைக்க வேண்டும். அடுத்த வருஷம் அது பூக்கும் என்று காத்திருக்க வேண்டாம். கல்யாணத்துக்கு வாங்குகிற பூங்கொத்துக் கணக்கில் வைத்துக்கொண்டால் வருத்தமில்லை.

அமரில்லிஸ் நடுவதில் ஒரே ஒரு சட்டம். கழுத்தும் தோளும் வெளியே தெரிய வேண்டும். கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு மேலே. தொட்டி பெரிதாக இருக்கக் கூடாது. கிழங்குக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி போதும். பெரிய தொட்டியில் வேர் போகாத மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நட்டதும் ஒரு தண்ணீர், பிறகு முளை தலை காட்டுகிற வரை அதிகம் ஊற்றுவதில்லை. பூ முடிந்ததும் பூத்தண்டை மட்டும் நறுக்கிவிட்டு இலையைத் தொடாமல் விட வேண்டும். அழகில்லை என்று இலையை வெட்டுகிறவர்கள்தான் மறு வருஷம் பூக்கவில்லை என்பார்கள். நாலு இலைக்கு ஒரு பூத்தண்டு என்ற கணக்கில் கிழங்கு உள்ளே மொட்டைக் கட்டுகிறது. கோடை முழுக்க இலை வெயிலில் நின்றால்தான் அந்தக் கணக்கு நிறைவேறும்.

இது என் கண்ணால் பார்த்தது. ஒரு கார்த்திகையில் பாத்தியோரம் இருந்த பெரிய கிழங்கு ஒன்றின் இலை பிடுங்கினால் கையோடு வந்தது. தோண்டி எடுத்தேன். அடியில் ஒரு பக்கம் பழுப்பு, மோந்தால் புளித்த வாடை. சவரக் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, வெளிச் செதில்களை ஒவ்வொன்றாக உரித்தேன். மூன்றாவது செதிலுக்குள்ளும் பழுப்பு போயிருந்தது, ஐந்தாவது வெள்ளை. அடித்தட்டில் பழுத்த பகுதியை மெல்லிய சீவலாக, வெள்ளை தெரிகிற வரைக்கும் சீவினேன். ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் கத்தியே நோயைப் பரப்பும். தட்டின் நடு வரை பழுப்பு ஓடியிருந்தால் குப்பைதான், அன்று முக்கால் தட்டு தேறியது. காயத்தில் அடுப்புக்கரித் தூளை அழுத்தித் தடவி, அலமாரியின் மேல் காற்றாடப் போட்டு, காயம் தோல் கட்டிய பிறகு வெறும் கருகின உமியில் நட்டு, தண்ணீரைத் தெளிக்க மட்டும் செய்தேன். தை கடைசியில் புது வேர், வெள்ளைப் புழு போலப் பருமனாக, தொட்டியின் அடித்துளையில் தெரிந்தது.

அதே நாளில் தேறாது என்று நினைத்த இன்னொரு கிழங்கை நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்தேன். இலைச் செதில்களுக்கு நடுவே, தீக்குச்சித் தலை அளவுக்கு ஒரு மொட்டு, அதற்கு உள்ளே இன்னும் சிறிதாக அடுத்த மொட்டு. வரப்போகிற பூவும் அதற்கடுத்த பூவும் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. நல்ல பாதியை எட்டாக நறுக்கினேன். ஒவ்வொரு துண்டிலும் அடித்தட்டில் ஒரு சீவல் ஒட்டியிருக்க வேண்டும், அதுதான் உயிர். துண்டுகளை ஈரம் தொட்ட கருகின உமியில் புதைத்து, மூடிய டப்பாவில் நிழலில் வைத்தால் இரண்டு, மூன்று மாதத்தில் செதில்களுக்கு நடுவே பட்டாணி அளவில் குட்டிக் கிழங்கு கட்டும். பூக்க இரண்டு, மூன்று வருஷமாவது ஆகும். ஆனால் விலை கொடுத்து வாங்கிய ரகம் ஒன்று பலவாகும்.

பூச்சியில் கவலைப்பட வேண்டியது லில்லிப் புழு ஒன்றுதான். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் செம்புள்ளியும். பகலில் ஒன்றிரண்டுதான் தெரியும். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் கூட்டம் தெரிகிறது. இலையின் அடியில் முட்டைக் குவியலை வைத்துவிட்டுத் தாய்ப்பூச்சி போய்விடும். பொரித்த குட்டிப் புழுக்கள் இலைத்தோலைச் சுரண்டித் தின்னும், கொஞ்சம் வளர்ந்ததும் இலையை அடி வரை அரித்துக்கொண்டு போகும், விட்டால் கழுத்து வழியாகக் கிழங்குக்குள்ளும் இறங்கிவிடும். இலை நுனியில் கண்ணாடி மாதிரி வெளிறிய திட்டு தெரிந்தால் அன்றைக்கே இலையைத் திருப்பிப் பாருங்கள். முட்டைக் குவியலோடு அந்த இலைத் துண்டைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் வேலை முடிந்தது. வளர்ந்த புழுவைக் குச்சியால் எடுத்துப் போடுவதுதான். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்புக் கரைத்து அடித்தால் குட்டிப் புழுவுக்குப் பலன் இருக்கிறது, பெரிய புழுவுக்கு இல்லை. ஸ்பைடர் லில்லியில் தொடங்கி அமரில்லிஸ், மழை லில்லி, செங்காந்தள் என்று எல்லா வீட்டுக்கும் விருந்துக்குப் போகிற புழு அது.

மழைக்காலத்தில் அமரில்லிஸ் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுகிறேன். ஐப்பசி பிறந்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டால் இலை தானாக மஞ்சளாகும். இரண்டு மாதம் அப்படியே கிடக்கட்டும். பொங்கல் கழித்துத் தண்ணீர் விட்டால் மாசி, பங்குனியில் பூத்தண்டு கிளம்புகிறது. பாத்தியில் நிற்கிற பழைய ஆரஞ்சு ரகத்துக்கு இந்தச் சடங்கெல்லாம் தேவையில்லை. ஒன்றரை அடி மேடு அதற்குப் போதும்.

மேடு கட்ட வசதி இல்லாதவர்கள் தண்ணீரைப் பொறுக்கிற ஜாதியை வாங்கலாம். ஸ்பைடர் லில்லி வாய்க்கால் ஓரத்திலேயே நிற்கும். விஷமூங்கில் என்று சொல்கிற பெரிய கிரைனம் லில்லிக்கும் ஈரம் ஒரு பொருட்டில்லை. அதன் விதையே தண்ணீரில் மிதந்து போய் முளைக்கிற சாதி. மழை லில்லியில் வெள்ளைப் பூவும் கோரை போன்ற மெல்லிய இலையும் உள்ள ரகம் சதுப்பிலும் வரும். ரோஜா நிறப் பூவுள்ளது கொஞ்சம் வடிகால் கேட்கும். கோடையில் இரண்டு வாரம் வாடவிட்டு, பிறகு பாத்தி நிரம்பத் தண்ணீர் கட்டினால் நாலைந்து நாளில் மொட்டு எழுகிறது. ஆனாலும் சித்திரை இடிமழைக்கு அது பூக்கிற பூப்புக்கு நம் குழாய்த் தண்ணீர் ஈடாகாது. மே மாதம் ஒரே ஒரு சிவப்புப் பந்தாகப் பூக்கிற ஃபுட்பால் லில்லியும் இங்கே நன்றாக வருகிறது, கிழங்கின் கழுத்து மண்மட்டத்தில் இருந்தால் சரி, ஆனால் அதற்கு மட்டும் மேட்டு இடம் வேண்டும்.

மணம்தான் வேண்டுமென்றால் நிலசம்பங்கி. அதை இணையத்தில் ஒன்று, இரண்டாக வாங்குவது அநியாய விலை. சம்பங்கி பயிரிடுகிறவர்களிடம் வயலை மாற்றுகிற சமயத்தில் கிலோக் கணக்கில் கிழங்கு கிடைக்கும். 25, 30 கிராம் எடையுள்ளதாகப் பொறுக்கி, தோண்டியெடுத்து ஒரு மாதம் நிழலில் ஓய்வு கொடுத்து, ஆனி, ஆடியில் ஓர் அங்குல ஆழத்தில் நடலாம். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரஜ்வல் ரகம் மாலைக்கும் கொத்துக்கும் ஆகும். வேர்முடிச்சு நூற்புழு இருக்கிற மண்ணானால் சிருங்கார் தேவலை.

டெல்டாவின் காலண்டரோடு அச்சாகப் பொருந்துகிற கிழங்கு செங்காந்தள். ஆடியில் முளைக்கிறது, மழையோடு கொடி ஏறுகிறது, இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்துக்கொள்கிறது, கார்த்திகைப் பூ என்று பேர் வாங்கிய மாதத்தில் பூத்துக் குலுங்கி, மண் காய்கிற தை, மாசியில் தானே காய்ந்து தூங்கிவிடுகிறது. தமிழ்நாட்டின் மாநில மலர் வேறு. வேதாரண்யம் பக்கத்து மணல் காடுகளில் தானாகவே படர்ந்து கிடக்கும். காட்டிலிருந்து தோண்ட வேண்டாம், சாகுபடி செய்கிறவர்களிடம் வாங்குங்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். 50, 60 கிராம் எடைக்குக் குறைந்த கிழங்கு முதல் வருஷம் பூப்பது சந்தேகம்.

கிழங்கு கலப்பைக் கொழுவாட்டம் வளைந்து இரண்டு கையோடு இருக்கும். ஒவ்வொரு கைக்கும் நுனியில் ஒரே ஒரு முளைதான். அது முறிந்தால் எவ்வளவு பெரிய கிழங்கானாலும் பிரயோஜனமில்லை. பார்சலைப் பிரித்ததும் நான் முதலில் பார்ப்பது நுனிகளைத்தான். படுக்கை வாட்டில் மூன்று அங்குலம் ஆழத்தில் வைத்து, முளை நுனி வேலியைப் பார்க்கத் திருப்பி மூடினால் கொடி வழி தேடி அலையாது. பூ மஞ்சளும் பச்சையுமாக விரிந்து, நாள் போகப் போகச் சிவக்கும், ஆகவே ஒரு கொடியிலேயே நாலு நிறம் நிற்கும்.

செடி முழுக்கக் கொல்கிற நஞ்சு, கிழங்கில் கோல்ச்சிசின் அதிகம். குழந்தை, ஆடு மாடு உள்ள வீட்டில் கொல்லைக் கோடியில், வேலிக்கு உள்பக்கமாக நடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு தோண்டுங்கள். இலை காய்ந்து ஒரு மாதம் ஆன பிறகு மாசிக் கடைசியில் எடுத்து, மண்ணைத் தட்டி, காய்ந்த மணல் போட்ட மண்பானையில் அடுக்கி, வாயைத் துணியால் கட்டி, மேலே 'விஷம்' என்று எழுதிப் பரண் மேல் வைத்துவிடுகிறேன். சேனை, கருணை, இஞ்சி வைக்கிற கூடை இருக்கிற அறையில் அதை வைப்பதில்லை. பிஞ்சுக் கிழங்கைப் பார்த்தால் சமையல் கிழங்கென்று யாரும் நினைத்துவிடலாம், வீட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்கும் முன்னாலேயே சொல்லி வைத்துவிட வேண்டும்.